பாயை எப்போ சுருக்கணும்?

நம்ம புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில நின்னு புயலைப் பார்த்தா, படகு சீக்கிரம் கரைக்கு வரணும்னுதான் தோணும். நடுக்கடல்ல அதுக்கு வழியில்லை.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பினாங்க. 56 அடி 'தாரிணி' பாய்மரப் படகுதான் எட்டு மாசம் வீடு. தென் பசிபிக்கில் காற்று 50 நாட், அதாவது மணிக்கு 93 கிலோமீட்டர்.

காற்றோட வேகம் ரெண்டு மடங்கானா, பாய் மேல அழுத்தம் நாலு மடங்கு. அதனால காற்று ஏறுறதுக்கு முன்னாடியே பாயைச் சுருக்கணும். மேல்தளத்துக்கு வரும்போது பாதுகாப்புக் கயிற்றைப் படகோட மாட்டிக்கணும். கரை தெரிஞ்சா விலகணும். ஆழம் குறையுற இடத்துல அலை எழும்பி உடையும்.

சர்வர் திணறின பிறகு லோடைக் குறைக்கிற நம்ம பழக்கம் அங்கே செல்லாது. 2025 மே 29, ரெண்டு பேரும் பத்திரமா கோவா திரும்பினாங்க.