லீட்ஸ் மண்டபமும் கோணேசர் கடலும்

திருக்கோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து, புள்ளிமான்கள் அச்சமின்றி மேயும் நிழற்சாலை வழியே மேலேறிச் செல்வோர் சுவாமிமலையின் உச்சியிலே கோணேசப் பெருமானைத் தரிசித்தபின், இராவணன் வெட்டருகே நின்று கீழே எட்டிப் பார்ப்பது வழக்கம். செங்குத்தான பாறை, அதன் அடியில் ஓயாது மோதும் நீலக் கடல். பழைய ஆலயத்தின் தூண்களும் கற்களும் அக்கடலடியில் கிடக்கின்றன என்று பெரியோர் பரம்பரையாகச் சொல்லி வந்தனர். 1956ஆம் ஆண்டில் அந்நீருள் இறங்கி அவற்றைக் கண்டு உலகுக்கு எழுதியவர்களுள் ஒருவர் ஆர்தர் சீ. கிளார்க் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர், பத்தொன்பது வயது வாலிபராக, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு சிறு மண்டபத்தில் அவர் அமர்ந்திருந்தார். அந்த மண்டபத்தின் கதையை அறியாமற் போனால், அவர் நம் கடலுக்கு வந்து சேர்ந்த கதையும் பாதியே விளங்கும்.

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளை விரும்பிப் படிப்போர் ஓரிடத்திற் கூடி நடத்தும் மகாநாடுகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. சமயத்துக்கும் மொழிக்கும் மகாநாடு கூட்டுவது நமக்குப் புதிதன்று. ஆயின், கதை படிப்பவர்கள் கதை படிப்பவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக மகாநாடு கூட்டுவானேன் என்று வாசகர் வினவலாம். விடையைத் தேடி ஒரு வியாபாரியிடம் செல்லவேண்டும்.

லக்சம்பேர்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பவர் வானொலிக் கருவிகளும் மின்சாரப் பொருள்களும் விற்றவர், பத்திரிகைகளும் நடத்தியவர். 1926ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற சஞ்சிகையை அவர் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளை மட்டுமே வெளியிட்ட முதலாவது ஆங்கிலச் சஞ்சிகை அது. அதில் வாசகர் கடிதங்களுக்கென ஒரு பகுதி இருந்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு விலாசத்தையும் அச்சிடுவது அவர் வழக்கமாயிற்று. பெரிய திட்டமிட்டுச் செய்த காரியமாக இது தோன்றவில்லை. ஆனால் விளைவோ பெரிது. ஓர் ஊரிலே தன்னந்தனியே சந்திர யாத்திரையைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்த பையன், அடுத்த தெருவிலேயே தன்னைப்போல் இன்னொருவன் இருப்பதை அந்தக் கடிதப் பகுதியைப் பார்த்தே அறிந்துகொண்டான். கடிதத்துக்குக் கடிதம் போயிற்று. கடிதத்தின் பின்னே ஆளும் போயினர். 1930ஆம் ஆண்டில் 'த கொமெற்' என்ற முதல் இரசிகர் ஏடு தோன்றிற்று. 1934ஆம் ஆண்டில் கேர்ன்ஸ்பாக் தாமே ஒரு சங்கத்தை நிறுவி, ஊர்தோறும் கிளைகள் அமைக்குமாறு வாசகரை ஊக்கினார். இங்கிலாந்திலும் அதற்குக் கிளைகள் முளைத்தன.

அமெரிக்கச் சஞ்சிகைகள் இங்கிலாந்துக்கு எவ்வாறு வந்தன என்பதும் சுவையான செய்தியே. விற்பனையாகாது எஞ்சிய பிரதிகள் கப்பலின் அடிப்பாரமாக ஏற்றப்பட்டு அத்திலாந்திக்கைக் கடந்து வந்தன என்று சொல்வர். துறைமுகப் பட்டினத்தில் வாழும் நமக்கு அடிப்பாரம் இன்னதென்று சொல்லவேண்டியதில்லை. அவ்வாறு வந்தவற்றை ஆங்கிலச் சிறுவர் வூல்வேர்த் கடையில் மூன்று பென்சு கொடுத்து வாங்கினர். சமசெற் மாகாணத்துப் பண்ணை வீட்டுப் பையனான கிளார்க்கும் அவர்களுள் ஒருவர். அடிப்பாரமாக வந்த தாள் அவருக்கு ஆயுள் முழுவதற்குமான கட்டுச்சோறு ஆயிற்று.

முதன்முதல் மகாநாடு கூட்டியவர் யார் என்பதில் இரு நாட்டாருக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. 1936ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி நியூயோர்க் இளைஞர் சிலர் புகையிரதமேறிப் பிலடெல்பியா சென்று, அவ்வூர் அன்பர்களை ஒரு வீட்டிற் சந்தித்தனர். வந்தாயிற்று, இதையே மகாநாடு என்று பிரகடனஞ் செய்துவிடுவோம் என்று ஒருவர் முன்மொழிய, வீட்டுக்காரரான மில்ற்றன் றொத்மன் தலைவரானார். பிரெடரிக் போல் செயலாளரானார். பின்னாளிற் போல் பெயர்பெற்ற எழுத்தாளராய் விளங்கினார். ஆனால் ஒரு வீட்டிற் கூடியதை மகாநாடு என்று சொல்லலாமா? முன்கூட்டியே அறிவித்து, மண்டபம் எடுத்துக் கூட்டியதே மகாநாடு என்பது ஆங்கிலேயர் வாதம். எம்மைக் கேட்டால் லீட்ஸ் பக்கமே நியாயம் கூடுதலாக இருப்பதாகச் சொல்வோம். கலியாணத்துக்கு நாள் குறிப்பதுபோலக் கூட்டத்துக்கும் முன்கூட்டி நாள் குறித்திருக்க வேண்டுமல்லவா?

அந்த நாள் 1937ஆம் ஆண்டு சனவரி 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இடம், லீட்ஸ் நகரத்துப் பிரமஞான சபை மண்டபம். அச்சபையின் பெயர் நமக்கு அந்நியமன்று. அதன் தலைவரான கேணல் ஒல்கொற் 1880இல் இலங்கைக்கு வந்து பௌத்த பாடசாலைகள் எழக் காரணமாயிருந்தவர். சபையின் தலைமை நிலையம் சென்னை அடையாற்றில் உள்ளது. அம்மண்டபத்தில் அன்று கூடியவர்கள் இருபது பேரைத் தாண்டவில்லை. எரிக் பிராங் றசல், வால்ற்றர் கில்லிங்ஸ், ரெட் கார்னல், மொறிஸ் ஹான்சன் முதலியோர் வந்திருந்தனர். வந்தவர்களிற் பலர் எழுதுவினைஞரும் மாணாக்கரும். கிளார்க் அப்பொழுது லண்டனில் அரசாங்கக் கணக்காய்வுத் திணைக்களத்தில் வேலைக்கமர்ந்து அதிக காலம் ஆகவில்லை. பிரித்தானிய விஞ்ஞானக் கற்பனைக் கதைச் சங்கம் ஒன்றை அமைப்பதென அக்கூட்டம் தீர்மானித்தது. கான்சனின் ஏட்டைச் சங்கம் தன் வெளியீடாக ஏற்றது. பின்னர் 'நியூ வேர்ல்ட்ஸ்' எனப் பெயர் மாறிய அவ்வேடு, கார்னலின் ஆசிரியத்துவத்தில் இங்கிலாந்தின் முதன்மையான விஞ்ஞானக் கதைச் சஞ்சிகையாக வளர்ந்தது.

இருபது பேர் கூடியதை இவ்வளவு விரித்துரைப்பானேன்? அக்காலத்து நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். விண்வெளிப் பயணம் என்று ஒருவன் வாய் திறந்தால் நகையாடிய காலம் அது. 1920ஆம் ஆண்டில், வெற்றிடத்திலே ரொக்கெட் இயங்கும் என்று சொன்ன கொடார்ட் என்ற அறிஞருக்குப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த பௌதிகமும் தெரியாது என்று நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஆசிரியத் தலையங்கத்தில் ஏளனஞ் செய்தது. 1969இல் அப்பொலோ விண்கலம் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட பின்னரே அப்பத்திரிகை தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. நாற்பத்தொன்பது ஆண்டுகள்! பத்திரிகைக்காரருக்குப் பிழை திருத்தம் போட மனம் வருவது அவ்வளவு அருமை. இத்தகைய ஏளனத்தின் நடுவே, தன்னைப்போல் எண்ணுபவர் பத்துப் பேரையேனும் கண்ணாற் காண்பது ஓர் இளைஞனுக்கு எத்துணை ஆறுதல்! பிரித்தானியக் கோளிடைப் பயணச் சங்கமும் ஏறக்குறைய இதே கூட்டத்தாரால் வளர்ந்ததே. 1938 முதல் கிளார்க்கும் ஹான்சனும் வில்லியம் ரெம்பிள் என்பவரும் லண்டன் கிறேஸ் இன் வீதியில் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். கதையும் ரொக்கெட்டும் அவ்வீட்டிலே ஒருங்கே பேசப்பட்டன. எப்பொழுதும் தம்மைப் பற்றியே பேசியமையால் நண்பர்கள் கிளார்க்குக்கு 'ஈகோ' என்று பட்டப்பெயர் சூட்டினர், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அன்பாற் கூடியவர்கள் என்பதற்காகச் சச்சரவு இல்லாமற் போகுமா? 1939ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி நியூயோர்க்கில் உலக மகாநாடு என்ற பெயருடன் முதற் பெருங் கூட்டம் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு அந்நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியை ஒட்டி வைத்த பெயர் அது. ஏறத்தாழ இருநூறு பேர் வந்தனர். போறஸ்ற் அக்கர்மன் என்பவரும் மேட்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் எதிர்கால மனிதரைப்போல் உடையணிந்து வீதியில் நடந்தனர். உடைகளைத் தைத்தவர் அப்பெண்மணியே. இன்று மகாநாடுகளில் ஆயிரக்கணக்கானோர் வேடம் புனைவதற்கு வித்திட்டது அவர் கை ஊசி. ரே பிராட்பெரி என்ற வறிய இளைஞர் அக்கர்மனிடம் பிரயாணச் செலவுக்குக் கடன் பெற்று லொஸ் ஏஞ்சல்சிலிருந்து வந்தார். ஆனால் வாயிலிலோ வேறொரு காட்சி. 'பியூச்சேரியன்' என்ற குழுவைச் சேர்ந்த ஆறு பேரை, கலகம் விளைப்பர் என்று அஞ்சிய அமைப்பாளர்கள் உள்ளே விட மறுத்தனர். பிலடெல்பியாவிற் செயலாளராயிருந்த அதே போல் அந்த ஆறு பேருள் ஒருவர். அதே குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் மட்டும் தடையின்றி உள்ளே சென்றுவிட்டார். தோழர் வெளியே நிற்கத் தான் உள்ளே அமர்ந்திருப்பது எத்தகைய அனுபவம் என்பதைப் பள்ளிக்கூட விளையாட்டுக் குழுவில் இருந்த எவரும் அறிவர்.

சிக்காகோவிலும் டென்வரிலும் அடுத்தடுத்துக் கூடியபின், யுத்தத்தினால் உலக மகாநாடு நான்காண்டுகள் தடைப்பட்டு, 1946இல் மீண்டுங் கூடியது. 1949இல் கார்னல் அமெரிக்கா செல்வதற்கு இரு கரையிலும் உள்ள இரசிகர் பணம் சேர்த்து உதவினர். 1953 முதல் சிறந்த படைப்புகளுக்குப் பரிசில் வழங்கலாயினர். அதற்குக் கேர்ன்ஸ்பாக்கின் முதற்பெயரால் 'ஹியூகோ' என்பது வழக்காயிற்று. 1956இல் நியூயோர்க் மகாநாட்டின் பிரதம விருந்தினர் யார் தெரியுமா? லீட்ஸ் மண்டபத்தில் அமர்ந்திருந்த அதே கிளார்க்தான். 'த ஸ்ரார்' என்ற சிறுகதைக்கு அவருக்கு ஹியூகோப் பரிசிலும் அங்கே கிடைத்தது.

அந்த 1956ஆம் ஆண்டிலேயே அவர் இலங்கையில் வந்து தங்கினார். 1954 திசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியிற் கொழும்பில் அரைநாள் இறங்கியபோது பிடித்த ஆசை அது. விண்ணிலே மனிதன் எடையின்றி மிதப்பான் என்று எழுதியவருக்கு, அந்நிலையை மண்ணுலகிலேயே சிறிது சுவைக்க வழி நீருக்கடியிற் செல்வதே என்பது புலப்பட்டது. ஆகவே சுழியோடக் கற்றார். அவருடைய தோழர் மைக் வில்சன் அவரினும் வல்ல சுழியோடி. நீரடிப் புகைப்படத்திலும் கைதேர்ந்தவர். இருவரும் திருக்கோணமலைக்கு வந்தனர். பிரித்தானியக் கடற்படை அப்பொழுது இத்துறைமுகத்தை விட்டு நீங்கவில்லை. 1957இலேயே தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

சுவாமிமலையின் அடியில் அவர்கள் கண்டவை யாவை? செதுக்கிய தூண்கள், பூவேலை பொறித்த கற்கள், சதுரமாக வெட்டிய கட்டடக் கற்கள். பாறைக்கும் சிற்பத்துக்கும் வேற்றுமை தெரியாத அளவுக்குக் கடற்பாசியும் சிப்பியும் மூடியிருந்த அவற்றை, மனிதன் உளி பட்டவை என்று கண்டுகொள்வதற்கே பழகிய கண் வேண்டும். சம்பந்தர் பாடிய தலம் இது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சா ஆலயத்தை இடித்து, அக்கற்களாற் கோட்டை கட்டினான். கோட்டை வாயிலில் இரட்டைக் கயலும் தமிழ்ச் சாசனமும் இன்றும் உள்ளன. கோட்டைக்குள் அடங்காத கற்கள் கடலிற் கிடந்தன. 1950இல் திருக்கோணமலையில் நிலத்தைத் தோண்டியபோது புதைந்திருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் கடலடியும் தன் பங்குக்குச் சாட்சி கூறியது. 1963இல் மலையுச்சியிற் புதிய ஆலயம் குடமுழுக்குக் கண்டது. கடலடிக் காட்சிகளைக் கிளார்க் 'த றீவ்ஸ் ஒவ் தப்ரபேன்' என்ற நூலில் 1957இல் எழுதினார். தம்மினத்தார் முன்னொரு காலத்திற் கடலில் வீழ்த்தியதாகப் பிறர் சொல்லக் கேளாமல், தாமே போய்த் தொட்டுப் பார்த்து எழுதிய ஐரோப்பியர் என்ற வகையில் அவர் எழுத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

வில்சனின் கதை இன்னும் விசித்திரமானது. 1962இல் வெளிவந்த முதலாவது சிங்கள வர்ணத் திரைப்படமான 'ரன் முத்து துவ'வை நெறிப்படுத்தியவர் அவரே. பின்னர் சினிமாவையும் சுழியோடுதலையும் துறந்து, காவியுடுத்து, சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் வாழ்ந்தார்.

கிளார்க் துறவு பூணவில்லை. இலங்கையை விட்டுப் போகவுமில்லை. 1979இல் அவர் எழுதிய 'த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' என்ற நாவலில், விண்ணுக்கு ஏணி கட்டுவதற்கு நிலநடுக்கோடு தேவைப்பட்டமையால், நம் தீவையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி வைத்துவிட்டார்! அதற்கும் 1980இல் ஹியூகோப் பரிசில் கிடைத்தது. 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி கொழும்பிற் காலமானார். தமிழ்நாட்டிலும் விஞ்ஞானக் கதைகளை ஆராய்வோர் 1998ஆம் ஆண்டில் வேலூரில் ஒரு சங்கம் கண்டனர்.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழியிற் கோணேசர் கடல் கலங்கி நிற்கும். சித்திரைக்குப் பின் அது தெளியும். அம்மாதங்களிற் சுழியோடிகள் பாறையடியில் இறங்குகின்றனர். தூண்கள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன.