ஏறுடா! இறங்குடி!

செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் காம்பவுண்டில் ஒரு மாமரம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் அதில் ஏறினான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் கீழே நின்று, "கெட்டியாப் பிடிச்சுக்கடா, வலது காலை அந்தக் கிளையில வை" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இறங்கியதும் எட்டு வயது மகள் அதே கிளைக்குப் போனாள். என் வாயில் தானாக வந்தது, "இறங்குடி, விழுந்துடுவ!" அவள் மேலிருந்தபடியே கேட்டாள்: "அண்ணன் மட்டும் விழமாட்டானாப்பா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அதற்காகத் தேடிப் படித்தவற்றையே இம்மலரின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நார்வே நாட்டு ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007-இல் துணிச்சலான விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரத்தில் ஏறுவது, வேகமாகப் போவது, கத்தி போன்ற கருவிகளைக் கையாள்வது, நெருப்பு, நீர் அருகே விளையாடுவது, கட்டிப்புரள்வது, பெரியவர் கண்ணில் படாமல் திரிவது. ஆணோ பெண்ணோ, பிள்ளைகள் தங்கள் உடம்பின் அளவையும் பயத்தின் அளவையும் இவற்றில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இதில் பெற்றோர் காட்டும் பேதம் எந்த வயதில் தொடங்குகிறது? நடக்கப் பழகும் முன்பே என்கிறது நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. பதினோரு மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் ஒரு சாய்தளத்தைக் காட்டி, "உங்கள் குழந்தை எவ்வளவு சரிவு வரை தவழ்ந்து இறங்கும்?" என்று கேட்டார்கள். பிறகு குழந்தைகளை அதில் விட்டுப் பார்த்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் திறமையில் வித்தியாசமே இல்லை. ஆனால் மகனைப் பெற்றவர்கள் அவன் திறமையைக் கூட்டியும், மகளைப் பெற்றவர்கள் அவள் திறமையைக் குறைத்தும் சொல்லியிருந்தார்கள்!

கனடாவில் பார்பரா மொராஞ்செல்லோவும் உடன் ஆய்வாளரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கக் கற்றுக்கொடுக்கும்படி பெற்றோரிடம் சொன்னார்கள். மகளாக இருந்தால் கை கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது அதிகமாக இருந்தது. பிடித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை எப்படிப் பழகும்? பழகாததால் தடுமாறுவாள். உடனே, "பாத்தியா, நான் சொல்லலை?" என்போம்.

நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. "முகத்துல தழும்பு விழுந்தா நாளைக்கு யாரு கட்டிப்பாங்க?" மகனின் முழங்கால் தழும்பு வீரத்தழும்பு, மகளுடையது கல்யாணத்துக்குத் தடை.

சரி, இந்தக் கட்டுப்பாட்டால் பெண் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008-இல் வெளியிட்ட அறிக்கைப்படி பொதுவாக விபத்துக் காயங்கள் ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். தீக்காயம் மட்டும் விதிவிலக்கு. அதில் பெண் பிள்ளைகளே முந்துகிறார்கள். திறந்த அடுப்புச் சமையலும் தளர்ந்த ஆடையும் முக்கியக் காரணங்கள். மரத்திலிருந்து இறக்கிய பெண்ணை "அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று அனுப்பும்போது நமக்குப் பயம் வருவதில்லை.

ஊர் விட்டு வந்த நமக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. ஊரில் தெரு முழுக்கச் சொந்தம்; இங்கே எதிர் வீட்டுக் கதவே திறப்பதில்லை. பெண்ணை வெளியே விட மனிதர்களைப் பார்த்துப் பயப்படுகிறோம். அது நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்து, நாம் உடன் போய் நிற்பது. அதைக் காரணம் காட்டி மரத்தையும் சைக்கிளையும் பறிப்பது மருந்தாகாது.

செய்யவேண்டியது இரண்டுதான். பிள்ளையால் கணிக்க முடியாத ஆபத்தை நாம் அகற்றவேண்டும்: கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி, உடைந்த கண்ணாடி, சங்கராந்திப் பட்டத்தின் மாஞ்சா நூல். இவற்றில் மகனுக்கும் சலுகை கூடாது. மற்றபடி, "ஜாக்கிரதை!" என்று அலறுவதை விட்டு, "அடுத்த காலை எங்கே வைப்ப?" என்று இருவரிடமும் கேட்கலாம். பதில் இருந்தால் ஏறட்டும், இல்லையென்றால் இறங்கட்டும்.

மாலையில் தாதர் சிவாஜி பார்க் பக்கம் போனால், பெண் பிள்ளைகள் கயிற்று மல்லகம்பத்தில் தலைகீழாக நிற்பதைப் பார்க்கலாம். அவர்களும் ஒரு காலத்தில் தடுமாறியவர்கள்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் மரமேறினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முழங்கையில் சிராய்ப்போடு இறங்கி வந்தாள். அன்று இரவு மகன் மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுப்பா. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களா, அதான் சொல்லலை."

மகளுக்குத் துணிச்சலை மறுத்தது எனக்குத் தெரிந்திருந்தது. மகனுக்குப் பயப்படும் உரிமையை மறுத்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.