முத்துக்குளித்த கடலில் ஒரு பயணம்

பயணம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? இமயமலையில் பனிமீது ஏறுவதா? தார்ப் பாலைவனத்தில் ஒட்டகச் சவாரியா? மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பாதையா? நம் நாட்டில் எல்லாவகை நிலப்பரப்பும் உண்டு. ஆனால் நம்மில் பெரும்பாலோர் எட்டிப் பார்க்காத ஒரு நிலப்பரப்பும் இருக்கிறது. அது நீருக்கு அடியில் இருக்கிறது. தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்தால், அதன் மேற்பரப்பு மட்டும் நீலமாகத் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்கு, கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் சங்கிலியாக அமைந்திருக்கின்றன. இவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ளன. இங்கு 117 வகைப் பவளங்கள் கண்டறியப்பட்டுள்ளன. கடற்பசு, கடலாமை, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை இங்கே வாழ்கின்றன. 1986-ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று.

இந்த உலகத்தை எப்படிப் பார்ப்பது? பார்க்கப் போனால் அது கெட்டுவிடாதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

முன்னே போனவர்கள்

இந்தக் கடலடிக்கு முதலில் பயணம் போனவர்கள் முத்துக்குளிப்பவர்கள். கொற்கைத் துறைமுகத்தின் முத்து, கிரேக்க ரோமானிய வணிகர்கள் வரை புகழ் பெற்றிருந்தது. சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளை இப்பகுதி மக்கள் 'பார்' என்பார்கள். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மீது காலை வைத்து விரைவாகக் கீழே இறங்குவார். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாக மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் சேர்ப்பார். கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் மேலே இழுப்பார்.

அப்போது அவர் உடலில் என்ன நடக்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்தில் நம்மீது 1 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் மேலும் 1 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகும். நுரையீரலில் 6 லிட்டர் காற்றோடு இறங்கியவருக்கு 10 மீட்டரில் அது 3 லிட்டராகிவிடும். 20 மீட்டரில் 2 லிட்டர்தான். காதிலும் அழுத்தம் கூடி வலி எடுக்கும். தலைமுறை தலைமுறையாகப் பயின்றவர்களின் தொழில் இது. குளத்திலோ கிணற்றிலோ மூச்சடக்கும் போட்டி வைத்து நீங்கள் இதைச் செய்து பார்க்கக்கூடாது. மூச்சை அடக்கியவர் முன்னறிவிப்பே இல்லாமல் நீருக்குள் மயங்கிவிடக்கூடும்.

எண்ணிப் பார்த்த பின்பே இறங்கினார்கள்

முத்துக்குளிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. விரும்பிய ஆண்டிலெல்லாம் அது நடப்பதில்லை. முதலில் அரசு அலுவலர்கள் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பிகள் போதிய எண்ணிக்கையில் இருக்கின்றனவா, முற்றியிருக்கின்றனவா என்று கணக்கிடுவார்கள். இருந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். இல்லையென்றால் அந்த ஆண்டு கடல் சும்மா விடப்படும். இதனால் 20-ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகளில் குளிப்பு நடக்கவேயில்லை. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தது. 1961-க்குப் பின் தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலறிஞர்கள் இங்கே சிப்பிகளை வளர்த்து, செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள்.

ஓர் இடம் எவ்வளவு தாங்கும் என்று முதலில் அளந்து, அதற்குள் நிற்பதைத் 'தாங்குதிறன்' என்று இன்று அழைக்கிறார்கள். சூழல் சுற்றுலாவின் அடிப்படை இதுதான். இந்தக் கடற்கரைக்கு இந்த எண்ணம் புதிதல்ல என்பதைக் கவனியுங்கள்.

கணக்குத் தவறியபோது

பவளப்பாறை விஷயத்தில் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. பவளம் கல் போலத் தோன்றினாலும், அது பாலிப் எனும் சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. பாலிப்புகளின் உடலுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது; பாலிப் அதற்கு இடம் தருகிறது. கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு பாலிப் கடல்நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டைப் பிரித்துத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது.

கால்சியம் கார்பனேட் என்றால் சுண்ணாம்புக்கல் அல்லவா? அதனால் பல ஆண்டுகள் இப்பகுதிப் பவளங்களை உடைத்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் தொழிற்சாலைகளுக்கும் அவை பயன்பட்டன. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது.

ஆனால் அதற்குள் கேடு விளைந்துவிட்டது. தீவை நோக்கி வரும் அலையின் வேகத்தைப் பவளப்பாறை உடைக்கிறது. பாறை போனால் அலை முழு வேகத்தோடு தீவின் மணலை அரிக்கும். 21 தீவுகளில் இரண்டு, தூத்துக்குடிக் குழுவைச் சேர்ந்த விலாங்குசல்லியும் கீழக்கரைக் குழுவைச் சேர்ந்த பூவரசன்பட்டியும், கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவு 2015 வாக்கில் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. பின்னர் அதைக் காக்க, துளைகள் கொண்ட கான்கிரீட் கட்டிகளைச் செயற்கைப் பாறைகளாகக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். அவை அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. மீன்களுக்குப் புகலிடமாகவும் இருக்கின்றன.

இன்னொரு பகைவன் வெப்பம். கடல்நீரின் வெப்பநிலை கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 அல்லது 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே, பாலிப்புகள் தம் பாசிகளை இழந்து வெளுத்துவிடும். வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் இறக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவு வெளுப்பு ஏற்பட்டது.

பார்ப்பதால் கெடுமா?

கெடக்கூடும். உருண்டை வடிவப் பவளங்களில் பல ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பவளம் உருவாக எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? நீங்களே சொல்லுங்கள். அதன்மேல் படகின் நங்கூரம் விழ ஒரு நொடி போதும். துடுப்புக் காலணி அணிந்து நீந்துபவர் கிளப்பிவிடும் மணல் பாலிப்புகளின் மேல் படிந்து ஒளியை மறைக்கும். வெயிலுக்காகப் பூசும் சில களிம்புகளில் உள்ள ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருளும் பவளத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது. அதனால்தான் ஹவாய் மாநிலம் 2021 முதல் அத்தகைய களிம்புகளின் விற்பனையைத் தடை செய்தது.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பாருங்கள். ஒரு திரைப்படத்தால் புகழ் பெற்ற அந்தச் சிறு கடற்கரைக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் படகில் வந்தார்கள். பவளங்கள் சிதைந்தன. 2018 ஜூனில் அரசு அதை மூடியது. பவளங்களை நட்டு வளர்த்தார்கள். கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, வருவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். விரிகுடாவுக்குள் படகுகள் நுழையத் தடை விதித்தார்கள்.

நம் தீவுகளில் வனத்துறையின் அனுமதியின்றி யாரும் இறங்கக்கூடாது. ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து நடத்தும் பயணங்கள் உள்ளன. பாக் விரிகுடாவின் கரையில் உள்ள காரங்காட்டில் அலையாத்திக் காட்டினூடே படகில் போகலாம். வழிகாட்டுபவர்கள் அவ்வூர் மக்களே. காடு இருந்தால்தான் அவர்களுக்கு அந்த வருமானம் தொடரும். பயணியின் பணம் கரையோரக் குடும்பங்களுக்குப் போய்ச் சேராத பயணத்தைச் சூழல் சுற்றுலா என்று சொல்ல முடியாது.

கண்ணாடிப் படகின் அறிவியல்

பவளத்தைத் தொடாமலே பார்க்க ஒரு வழி, அடியில் கண்ணாடி பதித்த படகு. படகின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் கடலடி ஏன் தெளிவாகத் தெரிவதில்லை? நீர்ப்பரப்பு வானத்தின் ஒளியைப் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்கிறது. சிற்றலைகள் ஒளிக்கதிர்களை வெவ்வேறு கோணங்களில் விலக்கி உருவத்தைக் கலைக்கின்றன. நீரில் அமிழ்ந்த தட்டையான கண்ணாடியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் அடிப்பகுதியைப் பெரியவர் ஒருவரை வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில், ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை இறுக்கமாக இழுத்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். அகன்ற தொட்டி நீரின் அடியில் ஒரு நாணயத்தை இட்டு, நீரை இலேசாகக் கலக்கிவிடுங்கள். முதலில் நேராகப் பாருங்கள். பிறகு டப்பாவின் தாள் கட்டிய பக்கம் சற்று அமிழும்படி வைத்து அதன் வழியே பாருங்கள். வேறுபாடு உடனே புலப்படும்.

நீங்கள் போகும்போது

பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று வலுப்பதற்கு முன் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். முத்துக்குளிப்பும் பெரும்பாலும் மார்ச் மாதத்தை ஒட்டித் தொடங்கியது இதனால்தான். உயிர்காப்பு உடை இன்றிப் படகில் ஏறாதீர்கள். பவளத் துண்டையோ உயிருள்ள சங்கையோ எடுத்து வராதீர்கள். விலைக்கு வாங்கவும் வேண்டாம். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குப் பொங்கல் விடுமுறையில் உறவினரோடு போவீர்களானால், கொண்டுபோன பிளாஸ்டிக் பைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். நீரில் மிதக்கும் பையை இழுதுமீன் என்று எண்ணிக் கடலாமை விழுங்கிவிடும்.

ஒரு குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். நாள், நேரம், அலையின் நிலை, கண்ட உயிரினங்கள், கரையில் கிடந்த குப்பை ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போய் மீண்டும் எழுதுங்கள். முத்துப் பார்களைச் சோதித்தவர்கள் செய்ததும் இதுதான். எண்ணிக் குறித்து வைத்தவர்களுக்கே, கடலை எப்போது சும்மா விடவேண்டும் என்பது தெரிந்தது.