ரயர் றிம்மில் வழுக்கினால் திருகாணி அடிக்கலாமா?

இரு சக்கர உழவு இயந்திரத்தில் பாரம் இழுக்கும்போது சில வேளைகளில் றிம் சுற்றும்; ரயர் அதனோடு சேர்ந்து சுற்றாமல் சற்றுப் பின்தங்கும். ரியூப் ரயரோடு ஒட்டி நிற்கும். வால்வோ றிம்மின் துளைக்குள் இருக்கும். எனவே வால்வு முதலில் சாயும், பின் அடியோடு கிழியும். பல குடும்பங்கள் ஒரே இயந்திரத்தை நம்பியிருக்கும் இடத்தில், அறுவடை நாளில் இப்படி நேர்ந்தால் எல்லோருடைய வேலையும் நின்றுவிடும்.

இதற்குத் திருகாணி அடிக்கலாம் என்று சிலர் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த முறை உண்மையில் உள்ளதே. மிகக் குறைந்த காற்றுடன் ஓடும் பந்தயக் கார்களில், றிம்மின் ஓரத்தில் துளையிட்டு, சிறு திருகாணிகளை ரயரின் விளிம்பு றப்பருக்குள் இறுக்குவார்கள். ஆனால் நமது சில்லுகளுக்குள் ரியூப் இருக்கிறது. ஆணி சற்று நீண்டாலும் ரியூப் ஓட்டையாகும். விளிம்புக்குள் இருக்கும் உருக்குக் கம்பியில் பட்டால் ரயரே பழுதாகும். துளையிட்ட இடத்தில் றிம் கறள் பிடிக்கும். ஆகவே ரியூப் உள்ள சில்லுக்கு இது வேண்டாம்.

ரயரை றிம்மோடு அழுத்திப் பிடிப்பது காற்றுத்தான். காற்றுக் குறைந்தால் பிடி தளரும். எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. ரயரிலும் றிம்மிலும் நேராக ஒரு வெண்கட்டிக் கோடு போடுங்கள். வேலை முடிந்ததும் பாருங்கள். கோடுகள் விலகியிருந்தால் ரயர் வழுக்குகிறது.

2. வேலைக்கு முன் காற்றைப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவைத் தாண்ட வேண்டாம்.

3. வழுக்கினால் காற்றை முழுவதும் இறக்கிய பின்னரே சில்லைப் பிரியுங்கள். காற்றோடு றிம் போல்ட்டுகளைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து.

4. றிம்மின் கறளைக் கம்பித் தூரிகையால் உரசித் துடையுங்கள். கிறீஸ், எண்ணெய் பூச வேண்டாம். ரயரை ஏற்றச் சிறிது சவர்க்காரத் தண்ணீர் போதும். அது காய்ந்த பின் பாரம் ஏற்றுங்கள்.

5. விளிம்பு தேய்ந்த ரயரையும் அளவு பொருந்தாத ரயரையும் மாற்றுங்கள்.

சைக்கிளுக்கும் இதுவே பொருந்தும். வால்வு சாய்ந்து நின்றால், காற்றை இறக்கி, ரயரைத் திருப்பி, வால்வை நேராக்குங்கள். சாய்ந்த வால்வு முன்னெச்சரிக்கை. அதைக் கண்ட அன்றே கவனித்தால் புது ரியூப்பின் செலவு மிஞ்சும்.