சிட்டாவைக் கணினியில் பத்திரப்படுத்துவது எப்படி?

திருவண்ணாமலைப் பக்கம் மணிலா போடும் விவசாயி, பயிர்க்கடனுக்கோ காப்பீட்டுக்கோ போனால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கேட்பார்கள். பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் எடுக்கலாம். ஆனால், அது ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் புரியாத பெயரில் கிடந்தால், கடைசி நாளில் தேடி அலைய வேண்டியதுதான்.

பெயர்: ‘நிலம்’ என்று ஒரு ஃபோல்டர் தொடங்கி, கோப்பை அதில் போட வேண்டும். கோப்பைத் தேர்ந்தெடுத்து எஃப்2 விசையை அழுத்தினால் பெயர் மாற்றலாம். புல எண்ணும் ஆண்டும் பெயரில் இருக்கட்டும். விண்டோஸ், பெயரில் சாய்கோட்டை ஏற்காது. எனவே 112/2ஏ என்பதை ‘சிட்டா 112-2ஏ 2025’ என்று எழுத வேண்டும்.

மனு: பழைய மனுவைத் திறந்து திருத்துபவர்கள், முதலில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் புதுப் பெயர் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய மனுவின் மேலேயே புதியது பதிவாகிவிடும்.

நகல்: பென்டிரைவில் ஒரு நகல் இருப்பது நல்லது. பென்டிரைவில் அழித்த கோப்பு பொதுவாக ‘ரீசைக்கிள் பின்’னுக்குப் போகாது, கவனம் தேவை.

பிரவுசிங் சென்டர்: வேலை முடிந்ததும் ஆதார் நகலை அழித்து, ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்து, மெயிலிலிருந்து வெளியேறிய பிறகே எழுந்திருக்க வேண்டும். அடுத்து உட்காருபவர் யாரென்று தெரியாது.