கல்லாவில் அடுத்து அமரப் போவது யார்?

நமது கடைவீதிகளில் சரக்கு விலைக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு, "பையன் கடைக்கு வரமாட்டேன் என்கிறான்" என்பதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் பையை மூட்டை மேல் வைத்துவிட்டுப் பொட்டலம் கட்டியவர்கள் நாம். நம் பிள்ளைகளோ கம்ப்யூட்டர், வங்கி, அரசுத் தேர்வு, வெளிநாடு என்று வேறு திசை பார்க்கிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. படிப்பின் அருமையை உணர்ந்து அவர்களை அனுப்பி வைத்ததே வணிகச் சமுதாயம்தான். 1889-ல் தொடங்கப்பட்ட விருதுநகர் சத்திரிய வித்தியாசாலாவை மகமைப் பணமும் பிடியரிசியும் வளர்த்தன. தமிழகத்தில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. 2007-ல் நுழைவுத் தேர்வும் நீங்கியது. கடை லாபம் கல்லூரிக் கட்டணமாயிற்று. படித்தவன் படிப்புக்கேற்ற வேலையைத் தேடுவது இயல்பே.

வேறொரு காரணமும் உண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குத் திரும்பும் தகப்பனாரைப் பார்த்தே அவர்கள் வளர்ந்தார்கள். ஞாயிறு கிடையாது; கல்யாண வீட்டிலும் பாதிப் பந்தியில் எழுந்து ஓட வேண்டும். கடையில் உழைக்கும் மகனுக்குச் சம்பளமும் இல்லை. போதாக்குறைக்கு, நாமே நம் மகளுக்கு வரன் தேடும்போது மாதச் சம்பளக்கார மாப்பிள்ளையைத்தானே முதலில் விசாரிக்கிறோம்!

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கடைக்கு வரும் பிள்ளைக்கு மாதச் சம்பளமும் தனிப் பொறுப்பும் கொடுங்கள். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில்தான். அதையும் கொள்முதலையும் அவனிடம் விடலாம். ஆனால் எதற்கெடுத்தாலும் "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லும் நிலையில் வைத்தால் அவன் நிற்க மாட்டான்.

இரண்டாவது, மகளை மறக்க வேண்டாம். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழகம் 1989-லேயே சட்டம் செய்தது. சொத்தில் பங்கு உண்டென்றால் கல்லாவிலும் இடம் உண்டு.

மூன்றாவது, பிள்ளைகள் யாரும் வரவில்லையென்றால் கடையில் வளர்ந்த நம்பிக்கையான ஊழியரைப் பங்குதாரராக்கலாம். கடைப்பையனாக வந்து, முதலாளி கைகொடுத்துத் தனிக்கடை வைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது இருவருக்கும் நல்லது.

இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. தனி நபர் பெயரில் உள்ள கடையில் உரிமையாளர் காலமானால் அவருடைய ஜி.எஸ்.டி. பதிவு வாரிசுக்குத் தானாக வராது. கடையைத் தொடர்பவர் புதிதாகப் பதிவு செய்து, மீதியுள்ள உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். யார் யாரிடம் எவ்வளவு பாக்கி, கடை அட்வான்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் முதலாளியின் மனக்கணக்கிலேயே இருந்தால், அவரோடு அதுவும் போய்விடும்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் சரக்கு இருப்பு எடுக்கிறோம். அத்தோடு ஒரு நாள் பிள்ளைகளை உட்கார வைத்து, கடையின் வரவு, செலவு, கடன் அனைத்தையும் காட்டிப் பேசுவோம். விருப்பமுள்ளவரைச் சேர்த்துக்கொள்வோம், மற்றவரை மனநிறைவோடு அனுப்பி வைப்போம்.