நட்டைக் கழற்றியும் வராத சக்கரம்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கடற்கரைகளில் வள்ளங்களின் பின்பலகையில் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாரைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே எஞ்சின், நடுவில் நீண்ட தண்டு, அடியில் தண்ணீருக்குள் சுழலும் புரப்பெல்லர். இவற்றில் பலவும் பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடுபவை. இந்த எஞ்சினின் மூடியைத் தூக்கினால் உச்சியில் ஒரு சாண் அகலத்துக்குக் கனமான வட்டச் சக்கரம் ஒன்று இருக்கும். அதுதான் ஃப்ளைவீல்.

அதற்கு இரண்டு வேலைகள். முதல் வேலை, எஞ்சின் நின்றுபோகாமல் காப்பது. எரிபொருள் எரிகிற நொடியில் மட்டும்தான் பிஸ்டனுக்கு உதை கிடைக்கிறது. அடுத்த உதைக்கு முன் பிஸ்டன் திரும்பி வந்து புதுக் காற்றையும் எரிபொருளையும் நெருக்கி அழுத்த வேண்டும். அப்போது அதைத் தள்ளுவது யார்? சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீல்தான். கனமான பொருள் ஒருமுறை சுழலத் தொடங்கினால் எளிதில் நிற்காது. அந்தக் கனம் விளிம்புப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. சக்கரத்தை விளிம்பு தடித்து இருக்கும்படி செய்வது அதனால்தான்.

சரி, இந்தச் சக்கரத்தை முதலில் சுழற்றிவிடுவது எப்படி? நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெறும் 1.5 குதிரைத்திறன். அதில் ஃப்ளைவீலின் மேலேயே ஒரு குமிழ் இருக்கும். அதைப் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் குமிழும் சேர்ந்து சுற்றும். கையைச் சட்டென்று எடுக்காவிட்டால் விரல் முட்டி பெயர்ந்துவிடும்! இன்று அந்த இடத்தில் இழுக்கும் கயிறு வந்துவிட்டது.

இரண்டாவது வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. ஃப்ளைவீலின் உள்பக்கத்தில் காந்தங்கள் பதித்திருப்பார்கள். அதற்கு அடியில், அசையாமல், செம்புக்கம்பி சுற்றிய காயில்கள். காந்தம் ஒரு காயிலைக் கடந்து ஓடினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த உண்மை இது. அந்த மின்சாரம்தான் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் தீப்பொறியாகத் தாவுகிறது. கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன மோட்டார்களுக்கு பேட்டரியே வேண்டாம். நடுக்கடலில் நிற்கும் ஒரு மீனவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

காயில் பழுதானால் பொறி வராது, எஞ்சின் கிளம்பாது. காயிலைத் தொட வேண்டுமானால் ஃப்ளைவீலை எடுத்தாக வேண்டும். அதன் நடுவில் இருப்பதோ ஒரே ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றியதும் சக்கரம் கையோடு வந்துவிடும் என்றுதானே நினைப்போம்? வராது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது.

காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு அழுத்தினால் சிக்கிக்கொள்ளும் அல்லவா? பசையும் இல்லை, ஆணியும் இல்லை. டம்ளர் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கிறது. உள்ளே போகப் போக அது பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருக்கம் கூடினால் உராய்வும் கூடும். சரிவு மிகக் குறைவாக இருந்தால், கையை எடுத்த பிறகும் அந்த உராய்வே இரண்டையும் இறுகப் பிடித்துவைத்திருக்கும்.

எஞ்சினில் ஃப்ளைவீல் மாட்டியிருக்கும் கிராங்க் ஷாஃப்ட் தண்டின் மேல்முனையும் இப்படித்தான், மேலே போகப் போக மெலிந்துகொண்டே போகும். ஃப்ளைவீலின் நடுத்துளையும் அதே சரிவில் கடைந்தது. 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் குறைகிற சரிவு என்றால், ஒரு பக்கச் சாய்வு 3 டிகிரிகூட இல்லை. நட்டை முறுக்கும்போது சக்கரம் அந்தச் சரிவில் இறங்கி உட்கார்ந்து இறுகிவிடுகிறது. உட்காரவைப்பது நட்டு, பிடித்துவைப்பது உராய்வு. ஆகவே நட்டை எடுத்தாலும் பிடி விடுவதில்லை.

தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அரைவட்ட வடிவில் ஒரு சிறிய இரும்புத் துண்டும் இருக்கும். பட்டறையில் அதைச் சாவி என்பார்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான் என்று பெரியவர்களில்கூடப் பலர் நினைக்கிறார்கள். சுமை தாங்குவது அதன் வேலை இல்லை. காந்தம் சரியான இடத்தில் நிற்கும்படி சக்கரத்தை மாட்ட வழிகாட்டுவதே அதன் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 12 மில்லிவிநாடி. அதற்குள் பொறி சரியான தருணத்தில் விழ வேண்டும். சக்கரம் கொஞ்சம் திரும்பி நின்றாலே நேரம் தப்பிவிடும்.

உராய்வோடு கடலும் சேர்ந்துகொள்கிறது. உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே இறுகிய இடத்தில் அது இன்னும் நெருக்கும்.

அவசரக்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் இரண்டு கம்பிகளைக் கொடுத்து நெம்புவார்கள். அடியில் இருக்கும் காயில் நசுங்கிப் போகும். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் உள்ளே இருக்கும் காந்தம் விரிசல் விடும். விளிம்பைக் கொக்கியால் பிடித்து இழுத்தால் சக்கரம் வளைந்துவிடும். பிடி இருப்பது நடுவில், இவர்கள் பலத்தைக் காட்டுவதோ ஓரத்தில்!

இதற்கென்றே இருக்கும் கருவி புல்லர். தடித்த இரும்புத் தகடு, அதன் நடுவில் ஒரு பெரிய போல்ட், சுற்றிலும் மூன்று சின்ன போல்ட்டுகள். ஃப்ளைவீலின் நடுத்துளையை ஒட்டி, மரை போட்ட மூன்று ஓட்டைகள் இருக்கும். சின்ன போல்ட்டுகள் மூன்றும் அவற்றில் இறங்க வேண்டும். மரை பிய்ந்துகொண்டு வராத அளவுக்கு ஆழமாக, அடியில் காயிலைக் குத்தாத அளவுக்கு மட்டாக. தகடு சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். பிறகு நடு போல்ட்டை முறுக்கினால் அது தண்டின் தலையைக் கீழே அழுத்தும், சக்கரம் மேலே இழுபடும்.

இதில் எவ்வளவு பலம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பேனரின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றில் கை நகரும் தூரம் சுமார் 1885 மில்லிமீட்டர். போல்ட் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 1885ஐ 1.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1257. நீங்கள் 10 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் கொடுத்தால், உராய்வே இல்லாத மரையில் அது 12 டன்னுக்கு மேல் பெருகும். உண்மையான மரையில் பெரும்பகுதி உராய்வில் போய்விடும். பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் ஒரு டன்னுக்கு மேல்! கையின் நீண்ட பயணத்தை போல்ட்டின் குட்டி நகர்வாக மாற்றிக்கொள்வதில் கிடைக்கும் பலம் இது.

பட்டறையில் இந்த இடத்தில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

“லேய் மக்கா, நட்ட முழுசா களத்தாத. தண்டுக்க தலைக்குச் சமமா நிக்கட்டு.”

“அது இருந்தா சக்கரம் எப்பிடிண்ணே வரும்?”

“வரும்டே. வரும்போ துள்ளிட்டு உன் காலுல விழப்பிடாதுல்லா?”

நட்டு அங்கே நின்றால் தண்டின் மரையும் நசுங்காது. நடு போல்ட்டை நன்றாக முறுக்கியும் சக்கரம் அசையவில்லையா? போல்ட்டின் தலையில் சுத்தியலால் சுருக்கென்று ஒரு தட்டு. ஓங்கி அடித்தால் உள்ளே பேரிங் கெட்டுவிடும், தட்டினால் போதும். முறுக்கியதால் தகடும் போல்ட்டுகளும் ஏற்கெனவே விறைத்து நிற்கின்றன. அந்த அதிர்ச்சி துருவின் பிடியையும் நிலை உராய்வையும் ஒரு கணம் உடைக்கிறது. சக்கரம் மயிரிழை நகர்ந்தாலே போதும். சரிவான துளையல்லவா, மயிரிழை நகர்ந்ததும் சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இடைவெளி விழுந்துவிடும். “டப்” என்று ஒரு சத்தம், சக்கரம் தளர்ந்து நட்டில் முட்டி நிற்கும்.

அப்படியும் வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலும் எண்ணெய் தானாக ஊர்ந்து நுழையும். சிலர் நடுப்பகுதியைச் சூடாக்குவதும் உண்டு. சூட்டில் உலோகம் விரியும், துளையும் விரியும். ஆனால் பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது, காந்தமும் அதிகச் சூட்டில் சக்தியை இழக்கும். ஆகவே தீயைக் காட்டாமல் வெந்நீரில் நனைத்த துணியையோ சூடான காற்றையோ பயன்படுத்துவதுதான் நல்லது.

சிக்கிய டம்ளர்களில் இதை நீங்களே செய்து பார்க்கலாம். உள் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றுங்கள். வெளி டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். உள்ளிருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும். கொஞ்ச நேரத்தில் மெல்லத் திருகினால் பிரிந்துவிடும். எஞ்சினில் கை வைப்பதை மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்களும் முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள். சக்கரத்தைத் திருப்பும்போது எஞ்சின் தானாகக் கிளம்பிவிடக் கூடாதே.

காயிலை மாற்றிய பிறகு சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஒரு வேடிக்கை. அடுத்த முறை சுலபமாக வரட்டும் என்று தண்டில் கிரீஸ் தடவத் தோன்றும். நல்ல மெக்கானிக் தடவமாட்டார். சரிவுப் பகுதியைச் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்த்தி, சாவியைப் பள்ளத்தில் வைத்து, சக்கரத்தை இறக்கி, எஞ்சின் புத்தகம் சொல்லும் அளவுக்கு நட்டை முறுக்குவார். இவ்வளவு நேரம் அவரைப் பாடாய்ப் படுத்திய உராய்வு, கடலுக்குப் போகும் வள்ளத்தில் முழுசாக வேண்டும். அது குறைந்தால் ஓடும்போது சக்கரம் நழுவி, நடுவில் இருக்கும் அந்தச் சின்னச் சாவி அறுந்துபோகும்.